மழைக்காட்டின் குரல்கள் – 9: கூட்டம் சேர்க்கும் கரிச்சான்

யானை, சிறுத்தை என்று நினைத்துக்கொண்டு சிங்கராஜவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அட்டைக்கடியோடுதான் திரும்புகிறார்கள். சிறுத்தை உண்டு, கண்ணில் படாது. யானைகளை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். இலங்கையின் தென்மேற்கு மூலையில் இரண்டு பருவமழைகளையும் வாங்கிக்கொள்ளும் இந்தக் காட்டில், இலையிலிருந்து நீர் சொட்டுவதைத் தவிர வேறு சத்தமே இல்லாமல் நெடுநேரம் நடக்க வேண்டியிருக்கும்.

பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் வரும். முதலில் தாழ்ந்த கிளைகளில் ஓயாமல் பேசிக்கொண்டு ஆரஞ்சு அலகுத் தவிட்டுக்குருவிகள். அவற்றைச் சுற்றி மின்சிட்டுகள், தீக்காக்கை, உச்சியில் செம்முகப் பூங்குயில். அதிர்ஷ்டமிருந்தால் நீல வால்காக்கையும். சில நிமிடங்களில் காடு மறுபடி காலியாகிவிடும். பறவையியலாளர் சரத் கொட்டகமவும் அவருடைய குழுவினரும் 1980களிலிருந்து இந்தக் கலப்புக் கூட்டங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். சராசரியாக ஒரு கூட்டத்தில் 11, 12 இனங்கள்; 40 பறவைகள் அளவில்.

கூட்டத்தின் நடுநாயகம் இரண்டு பேர். தவிட்டுக்குருவிகள் எண்ணிக்கையில் அதிகம். இலைகளைக் கிளறிப் பூச்சிகளைக் கிளப்பிவிடும். கொண்டைக் கரிச்சான் சற்று மேலே உட்கார்ந்து, பறந்து தப்பும் பூச்சியைக் காற்றிலேயே பிடிக்கும். வல்லூறு தென்பட்டால் முதலில் கத்துவதும் பெரும்பாலும் அதுதான். உழைக்காமல் சாப்பிடுகிறவர் வாசலில் காவலிருப்பது போன்ற ஏற்பாடு.

ஆனால் கரிச்சான் கூட்டத்தின் பின்னால் சும்மா போய்க்கொண்டிருப்பதில்லை. அது பலகுரல் கலைஞன். ஈபன் குடேலும் கொட்டகமவும் 2006இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. கரிச்சானின் சொந்தக் குரலை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டார்கள். மற்ற இனங்களின் குரலை அது பாவனை செய்வதையும் சேர்த்துப் போட்டார்கள். பாவனை கலந்த ஒலிக்கே மற்ற பறவைகள் அதிகம் வந்தன. இரவல் குரலில் ஆள் சேர்க்கிறது கரிச்சான்! அதுவும் கண்டபடி அல்ல. ஆபத்து நேரத்தில் பிற இனங்களின் எச்சரிக்கைக் குரல்களையும், வேட்டையாடும் பறவைகளின் குரலையுமே எடுத்துக்கொள்கிறது; அமைதியான நேரத்தில் சாதாரணப் பேச்சுக் குரல்களை. இதை ஏமாற்று வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்து சேர்கிறவர்களுக்கும் காவல் கிடைக்கிறதே.

இந்த ஆராய்ச்சி நடந்த குடாவைப் பக்கம் கோடரி படாத காடு அல்ல. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இங்கே இயந்திரங்களை இறக்கி மரம் வெட்டினார்கள். பலத்த எதிர்ப்புக்குப் பின் 1977இல்தான் அது நின்றது. அடுத்த ஆண்டே உயிர்க்கோளக் காப்பகம், 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். இன்று நாம் பறவை பார்க்க நடக்கும் அகலமான பாதை, அன்று மரம் ஏற்றிய லாரிகளுக்காகப் போட்டது. அதன் ஓரங்களில்தான் கூட்டங்கள் எளிதாகக் கண்ணில் படுகின்றன என்பதை வழிகாட்டிகள் யாரும் மறைப்பதில்லை.

மரம் வெட்டுவது நின்றபின் காட்டின் விளிம்பில் வேலி போல நட்டது என்ன மரம் தெரியுமா? கரீபியன் பைன். அந்த அந்நிய மரங்களின் நிழலிலேயே சிங்கராஜவின் சொந்த மரங்களை வளர்த்துக் காட்டிய நிமல், சாவித்திரி குணதிலக்க தம்பதியை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)