தீராத நோயும் தொடர்ந்த துணையும்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி என்னும் ஊர் உள்ளது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய தலம் அது. அங்குக் கோயில் கொண்டுள்ள இறைவனுக்கு வழங்கும் பெயர் வைத்தியநாதர். மருத்துவர்க்கெல்லாம் தலைவர் என்பது அதன் பொருள். நோய் நீங்க வேண்டும் என்னும் ஏக்கம் இம்மண்ணில் எத்துணைப் பழைமையானது என்பதற்கு அப்பெயரே சான்று. ஆயின் இன்று அவ்வூரிலும், நாம் பணியாற்றும் ஏனைய ஊர்களிலும், வீடுதோறும் காணப்படும் நோய்கள் பல, வந்து நீங்கும் இயல்புடையன அல்ல. நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா, வலிப்பு ஆகியவை வந்தபின் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் உடன் இருப்பவை. நீங்கும் நோய்க்கெனப் பழகிய நம் ஆயர் பணி, நீங்காத நோயின்முன் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. நீங்காத நோயின் இயல்பு

காய்ச்சலுக்குத் தொடக்கம், உச்சம், முடிவு என மூன்று நிலைகள் உண்டு. நீடித்த நோய்க்குத் தொடக்கம் மட்டுமே தெரியும். அதுவும் பலருக்குக் காலங்கடந்தே தெரியவருகிறது. இந்நோய்கள் பெருகியிருப்பதற்கு உணவும் உழைப்பும் மாறியது ஒரு காரணம். மருத்துவத்தின் வெற்றியும் மற்றொரு காரணம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

1922ஆம் ஆண்டு சனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர் அவ்வகை நீரிழிவு கண்ட சிறுவர்கள் நெடுநாள் பிழைத்ததில்லை. தாம்சனோ மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்சுலின் அவருடைய நோயைத் தீர்க்கவில்லை. கொல்லும் நோயை, உடன் வாழத்தக்க நோயாக மாற்றியது. ‘குணமாகவில்லை, ஆனால் வாழ்கிறார்’ என்னும் இந்நிலை மனித வரலாற்றில் இத்துணைப் பேருக்கு இதற்குமுன் வாய்த்ததில்லை.

நம் நாட்டில் எத்துணைப் பேர் இந்நிலையில் உள்ளனர்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடைபெற்று, 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு, நீரிழிவு உடையோர் 10.1 கோடி எனவும், இரத்த அழுத்தம் உடையோர் 31.5 கோடி எனவும் மதிப்பிட்டது. ஞாயிறு ஆராதனைக்கு வரும் எந்தச் சபையிலும் இவர்கள் இல்லாத வரிசை இராது எனலாம்.

2. இடையில் நிற்கும் மருத்துவம்

நீடித்த நோயில் பெருந்தீங்கு செய்வது, நோயின் கொடுமையைவிட மருத்துவத்தில் நேரும் இடைவெளியே. உலக நலவாழ்வு நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால மருத்துவத்தை முறையாகப் பின்பற்றுவோர் ஏறத்தாழப் பாதிப்பேர்தான் என்று கூறியது. வறிய நாடுகளில் நிலை இதனினும் தாழ்ந்தது என்றும் அது சுட்டியது.

இதன் காரணத்தை நாம் சோம்பல் என எளிதில் முடிவு செய்துவிடலாகாது. வயிற்று வலிக்கு உண்ட மருந்து வலியைப் போக்குகிறது, பயன் கண்கூடு. இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் மாத்திரையோ, என்றோ வரவிருந்த பக்கவாதத்தை வாராமல் தடுக்கிறது. நேராத ஒன்றை யார் காண்பார்? இங்கிலாந்தில் 1977இல் தொடங்கி 1998இல் முடிவு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, இரத்தச் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைத்தோருக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்களில் நேரும் கேடு 25 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. இதனை நிலைநாட்ட இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. இருபது ஆண்டுகளில் புலப்படும் பயனுக்காக இன்று காலை மாத்திரை உண்ணுவது நம்பிக்கையின் செயலே அன்றி வேறில்லை.

ஒரே உடலில் பல நோய்கள் சேரும்போது சிக்கல் மிகுகிறது. நீரிழிவுக்கு ஒருவர், இதயத்திற்கு ஒருவர், மூட்டு வலிக்கு ஒருவர் என மூன்று மருத்துவர்கள் எழுதிய மருந்துகள் ஒரே பையில் கிடக்கும். மூட்டு வலிக்கெனக் கடையில் தாமே வாங்கி உண்ணும் வலி மாத்திரை, ஏற்கெனவே தளர்ந்துள்ள சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒரே மருத்துவரிடம் ஒருங்கே காட்டுவது என்னும் எளிய செயல், பல துன்பங்களைத் தவிர்க்க வல்லது.

3. வலியற்ற பாதம்

நீங்காத நோயைப் பேணும் கலையில் தமிழகம் உலகிற்கு ஒரு பாடம் கற்பித்துள்ளது. கொல்லிமலையில் 1914இல் அருட்பணியாளரின் மகனாகப் பிறந்த பால் பிராண்டு, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அந்நாளில் பலரும் எண்ணினர். பிராண்டு கண்டது வேறு. நோய் நரம்பைத் தாக்க, உணர்ச்சி அற்றுப்போகிறது. வலி தெரியாமையால் சூடான பாத்திரத்தையும் கூரிய கல்லையும் நோயாளர் உணர்வதில்லை. கவனிக்கப்படாத காயங்களே உறுப்பைச் சிதைக்கின்றன. ஆகவே மருந்தோடு, நாள்தோறும் கையையும் காலையும் பார்த்துப் பேணும் பழக்கமும் மென்மையான காலணியும் வேண்டும் என அவரும் உடன் பணியாற்றியோரும் வற்புறுத்தினர். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற அவர், அதே முறையை நீரிழிவால் உணர்ச்சியிழந்த பாதங்களுக்கும் பயன்படுத்தினார்.

இப்பாடம் திருமழபாடிக்குத் திரும்பி வரவேண்டியுள்ளது. அங்குப் பங்குனியில் நந்தியெம்பெருமானின் திருமண விழா நடைபெறும். வெயில் ஏறிய வேளையில் கல்தளத்தில் வெறுங்காலோடு நடப்பவர், நீரிழிவால் உணர்ச்சி குன்றியவராயின், உள்ளங்கால் கொப்பளித்ததை வீடு திரும்பிய பின்னரே அறிவார். வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் செல்வோருக்கும், வயலில் வெறுங்காலோடு இறங்குவோருக்கும் இதே ஆபத்து உண்டு. வெயில் ஏறுமுன் சென்று வருதல், காலுறை அணிதல், இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்தல், அணியுமுன் செருப்பை உதறுதல், வெந்நீரைக் காலால் சோதியாமல் முழங்கையால் சோதித்தல் ஆகியவை செலவற்ற காப்புகள். சிறு புண்ணாயினும் அன்றே மருத்துவரிடம் காட்டுவதே காலைக் காக்கும் வழி.

4. வீடு தேடி வந்த மருந்து

ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்து ஏறிச் சென்று, வரிசையில் நின்று மாத்திரை பெறவேண்டியவர் இடையில் நிறுத்திவிடுவது வியப்பன்று. இதனை உணர்ந்தே தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று கிருட்டினகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்து, உரியோருக்கு மாத்திரைகளை வழங்குவதும், இயன்முறை மருத்துவமும் நோய் தணிப்புப் பராமரிப்பும் இல்லத்திலேயே கிடைக்கச் செய்வதும் அதன் நோக்கங்களாக அமைந்தன. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருது ஒன்று அதற்குக் கிடைத்தது. 2022 சனவரியில் அரியலூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நோயாளரின் வாயிலுக்கே செல்லுதல் என்னும் நெறி, வீடு சந்திப்பை வழக்கமாகக் கொண்ட ஆயருக்குப் புதியதன்று.

5. ஆயர் செய்யத்தக்கன

முதலாவது, சாட்சி கூறுதலைக் குறித்தது. செபத்தின்பின் உடல் நலமாக உணர்ந்தவர், நம்பிக்கையின் அடையாளமாக மருந்தை விட்டுவிடுவது உண்டு. இன்சுலினையே முற்றிலும் சார்ந்து வாழும் நீரிழிவாளர் அதனை நிறுத்தினால் சில நாள்களில் உயிருக்கே ஆபத்து நேரும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அடங்காத வலிப்பு வரக்கூடும். நெடுநாள் உண்ட ஸ்டீராய்டு மருந்தும், சில இரத்த அழுத்த மாத்திரைகளும் அத்தகையனவே. ஆகவே, மருத்துவர் சோதித்துச் சொல்லாமல் மருந்தை நிறுத்தலாகாது என்பதை மேடையிலிருந்தே நாம் தெளிவாகக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். பவுலடியார் தமக்கிருந்த முள் நீங்காமலே ஊழியம் செய்தார், துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுச் சென்றார் (2 கொரி. 12, 2 தீமோ. 4:20). நீங்காத நோய் நம்பிக்கையின்மையின் அடையாளம் என்று கூற நமக்கு உரிமையில்லை.

இரண்டாவது, உபவாசத்தைக் குறித்தது. இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால், சர்க்கரை அளவுமீறித் தாழும். வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். நினைவுள்ளவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுத்து, பதினைந்து நிமிடங்களில் தெளிவு வராவிடின் மீண்டும் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தவக்காலத்தில் இத்தகையோருக்கு வேறு ஒறுத்தல் முறைகளைக் காட்டுவது ஆயரின் பொறுப்பு.

மூன்றாவது, சந்திப்பைக் குறித்தது. அறுவை நடந்த வாரத்தில் மருத்துவமனை வாயிலில் கூட்டம் நிற்கும். ஏழாம் ஆண்டில், இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் இருமுறையோ மும்முறையோ சென்று வருபவரைக் காண யாரும் வருவதில்லை. அப்போது செல்வதே நம் பணி. ‘இன்னும் சரியாகவில்லையா?’ என்னும் வினாவைத் தவிர்த்து, ‘இந்த வாரம் எப்படி இருந்தது?’ என்று கேட்கலாம். மருந்து தீர்ந்ததா, அடுத்த சோதனை என்று, உடன் செல்ல ஆள் உண்டா என்றும் வினவலாம். இவ்வினாக்கள் செபத்திற்குத் தடையல்ல. செபத்தின் பொருளை அவையே காட்டும். நோயாளரைப் பேணும் மனைவியையோ மருமகளையோ தனியே நலம் விசாரிப்பதும் மறக்கத்தக்கதன்று. அவருக்கு ஒரு பிற்பகல் ஓய்வு கிடைக்கச் செய்வது சபையின் பெண்கள் ஐக்கியம் எளிதில் செய்யக்கூடிய தொண்டு.

குணமாக்குதல் நம் கையில் இல்லை. உடனிருத்தல் நம் கையில் உள்ளது. நோய் நெடுங்காலம் தங்குமாயின், நாமும் நெடுங்காலம் உடன் தங்க வேண்டும். இறையியல் பயிலும் இளைஞர் தம் முதற்சபைக்குச் செல்லும்போது, திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளோடு, நீங்காத நோயுற்றோரின் பெயர்கள் அடங்கிய சிறு குறிப்பேடு ஒன்றையும் தொடங்குவாராக. அதனைப் பிறர் பார்வைக்கு வையாது காப்பதும், திங்கள்தோறும் ஒருமுறை புரட்டிப் பார்த்து, விடுபட்ட வீட்டிற்கு அவ்வாரமே செல்வதும் அவருடைய வழக்கமாகுக.