பனியைப் பிடித்துத்தான் நிற்க வேண்டும்

ஸ்னோமொபைலின் இடப்பக்கக் கைப்பிடியில் ஒரு பிரேக் பிடி இருக்கிறது. வண்டி முழுவதற்கும் அது ஒன்றுதான். அதை அழுத்தினால் ஒரு டிஸ்க் இறுகும். அடியில் சுழலும் ரப்பர் பட்டை வேகம் குறையும். முன்னால் இருக்கும் இரண்டு சறுக்குக் கட்டைகளுக்கு பிரேக்கே கிடையாது. ஓட்டுநரோடு சேர்த்தால் 300 கிலோவை நெருங்கும் வண்டியை, பட்டைக்கும் பனிக்கும் இடையிலுள்ள பிடிமானம் மட்டுமே நிறுத்துகிறது.

அந்தப் பட்டைக்கு ஒரு துயரக் கதை உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சிற்றூரில் பட்டறை நடத்திவந்தவர் ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே. 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி முற்றிவிட்டது. பாதைகளெல்லாம் பனியில் புதைந்து கிடந்தன. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியின்றிக் குழந்தை இறந்துபோனது. பனிமேல் ஓடும் வண்டிக்காகச் சிறுவயது முதலே பாடுபட்டுவந்த பொம்பார்டியே, அடுத்த ஆண்டே ரப்பர் போர்த்திய பற்சக்கரத்தையும் அது இழுத்துச் சுழற்றும் பட்டையையும் செய்துமுடித்தார். 1937இல் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் அமரும் பெரிய வண்டிகள் முதலில் வந்தன. ஓரிருவர் ஓட்டிச்செல்லும் சிறிய ‘ஸ்கீ-டூ’ 1959இல் வந்தது.

பட்டையின் சூட்சுமம் எளிமையானது. எடை பெரிய பரப்பில் பரவுவதால் வண்டி பனிக்குள் புதைவதில்லை. நிறுத்துவதற்கும் இதே பட்டையை நம்பியிருப்பதுதான் சிக்கல். ஆழமான புதுப் பனியில் ஆக்சிலேட்டரை விட்டாலே போதும். பனியே இழுத்துப் பிடித்துவிடும். இறுகிய பாதையில் அப்படி நடக்காது. உறைந்த ஏரியின் மேல் நிலைமை இன்னும் மோசம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி ஆனால், அதற்குள் வண்டி 25 மீட்டர் போயிருக்கும். இறுகிய பனியில் உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், பிரேக் பிடித்தபின் மேலும் 47 மீட்டர் தேவை. வெறும் பனிக்கட்டியில் அது 0.1ஆகக் குறைந்தால் 140 மீட்டரைத் தாண்டும். வண்டியின் முழு எடையும் பட்டையின் மேல் இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு இது. எடையில் ஒரு பங்கு சறுக்குக் கட்டைகள்மேல் இருப்பதால் உண்மையான தூரம் இன்னும் கூடும்.

இனி இரவு. முன்விளக்கு 60 மீட்டர் வரை தெளிவாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க இறுகிய பனியிலேயே 72 மீட்டர் வேண்டும். வழியில் ஒரு மான் நின்றால், அது கண்ணில் படும்போதே காலம் கடந்துவிட்டது. 50 கிலோமீட்டரில் போனால் 54 மீட்டரில் நிறுத்திவிடலாம். ஒன்டாரியோ மாகாணம் ஸ்னோமொபைல் பாதைகளில் 50 கிலோமீட்டரை உச்ச வேகமாக வைத்திருப்பதைக் குறைவென்று முணுமுணுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

பிரேக்கைப் பதறி இறுக்குவதால் பயன் இல்லை. பட்டை பூட்டிக்கொண்டால் வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் திரும்பிவிடும். மெல்ல அழுத்தி, பட்டை நிற்கப் போகும் தருணத்தில் சற்றே விட்டு, மறுபடி அழுத்துவதே முறை. வளைவில் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு, எஞ்சினின் இழுவையையும் துணைக்குக் கொள்ள வேண்டும்.

பனிக்கட்டியில் பிடிமானம் தர இரண்டு வழிகள் உண்டு. சறுக்குக் கட்டையின் அடியில் கார்பைடு முனை பதித்த கம்பி. பட்டையில் உலோக ஆணிகள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும். பட்டையில் ஆணியடித்துவிட்டுத் தேய்ந்த கார்பைடை அப்படியே விட்டால், பின்பக்கம் தள்ளும், முன்பக்கம் திரும்பாது. மாறாகக் கார்பைடு மட்டும் கூர்மையாக இருந்தால் பின்பக்கம் சுழன்றுவிடும்.

பராமரிப்பு என்பது இங்கே பிரேக்கின் மறுபாதி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். அதில் எழும் ஆவிக்குமிழ்கள் அமுங்கிக்கொடுப்பதால் பிடி கைப்பிடிவரை வந்து ஒட்டும், வண்டி மட்டும் நிற்காது. சுற்றிலும் கடுங்குளிர் இருந்தாலும் நீண்ட இறக்கத்தில் டிஸ்க் கொதிக்கும் அளவுக்குச் சூடாவது உண்டு. பார்க்கிங் பிரேக்கை எடுக்க மறந்து ஓட்டினாலும் இதே கதிதான்.

அதிகம் பேசப்படாத இன்னொரு ஆபத்து செயின். சில வண்டிகளில் டிஸ்க், பட்டையைச் சுழற்றும் தண்டில் இருக்காது. அதற்கு முந்தைய தண்டில் இருக்கும். இரண்டையும் இணைப்பது ஒரு செயின். அது அறுந்தால் பிரேக் பிடிப்பது பட்டையோடு தொடர்பற்ற தண்டை. செயின் பெட்டியின் ஆயில் அளவையும் செயினின் இறுக்கத்தையும் பார்ப்பதை எந்த ஓட்டுநரும் அலட்சியப்படுத்தக் கூடாது.

எஞ்சின் விசையைக் கடத்தும் பெல்ட், நம் ஊர் கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருப்பதன் பெரிய உறவு. விரிசலோ பளபளப்பான தீய்ந்த தடமோ தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். அது அறுந்தால் எஞ்சின் இழுவை போய்விடும். ஊரிலிருந்து தொலைவில் அறுந்தால் உயிருக்கே ஆபத்து. அனுபவசாலிகள் உபரி பெல்ட் இல்லாமல் கிளம்புவதில்லை.

பனி இந்த வண்டிக்குப் பாதை மட்டுமல்ல, எண்ணெயும் குளிர்நீரும்கூட. பட்டை சுழலும் தண்டவாளங்களின் அடியில் பிளாஸ்டிக் பட்டிகள் உண்டு. அவை வழுக்கி ஓடப் பனித்தூள் தேவை. திரவத்தால் குளிரும் எஞ்சின்களில், பட்டை வாரியிறைக்கும் பனிதான் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெறும் பனிக்கட்டியிலும் தார்ச்சாலையிலும் நெடுந்தூரம் ஓடினால் பட்டி உருகும், எஞ்சின் கொதிக்கும். அதனால்தான் பலர் பனிக்கட்டியைக் கீறித் தூளாக்கும் கம்பிகளைப் பொருத்துகிறார்கள்.

பட்டை தொய்ந்தால் பற்சக்கரத்திலிருந்து நழுவும், அதிகம் இறுகினால் தேய்மானம் கூடும். அதைச் சரிபார்க்க வண்டியின் பின்பகுதியைத் தாங்கியில் தூக்கி மெல்லச் சுழற்றுவார்கள். அப்போது பின்னால் யாரும் நிற்கவே கூடாது. ஓர் ஆணி பிடுங்கிக்கொண்டால் தோட்டாவைப்போல் பாயும்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன் செய்ய வேண்டியது சொற்பம். எஞ்சினை உயிர்ப்பிக்கும் முன்பே ஆக்சிலேட்டரை அழுத்தி விட்டு, அது தானாகத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்; கேபிளுக்குள் நீர் உறைந்திருந்தால் திரும்பாது. ஓட்டுநரின் உடையோடு இணைந்த பாதுகாப்புக் கயிற்றை மாட்ட வேண்டும். அவர் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். பிறகு நடைவேகத்தில் ஒருமுறை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டே பாதையில் இறங்க வேண்டும்.

வசந்தம் வந்து பனி கரைந்ததும் வண்டி ஏழெட்டு மாதம் கொட்டகையில் நிற்கும். பெட்ரோல் கெட்டுப் பிசினாகாமலிருக்க அதற்கான மருந்தைக் கலந்து சில நிமிடம் எஞ்சினை ஓடவிடுவார்கள். பட்டையைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றி, சைலன்சர் வாயில் எலி புகாதபடி துணி அடைப்பார்கள். அந்தத் துணியை எடுக்கச் சொல்லி ஒரு சீட்டெழுதிக் கைப்பிடியிலேயே கட்டிவைப்பது நல்லது.