கூரை இருக்கு, வெயில் இருக்கு... அம்பத்தூர் பட்டறைகளில் சோலார் ஏன் தயங்குது?

சென்னையில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு கிலோவாட் சோலார் பேனல் போட்டால் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். அதற்குச் சுமார் 100 சதுர அடி கூரை போதும். 1964-ல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையை மொட்டை மாடியில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை கூரைதான். கீழே லேத், மில்லிங், பிரஸ், சிஎன்சி எல்லாம் ஓடுவதும் பெரும்பாலும் பகலில்தான். சூரியன் இருக்கும்போதே கரண்ட் தேவைப்படுகிற தொழில் இது. இதைவிடப் பொருத்தமான இடம் சோலாருக்குக் கிடைக்காது என்றுதான் தோன்றும்.

ஆனால் பெரிய ஆலைகளின் கூரையில் பேனல் மின்னும் அளவுக்கு, சின்னப் பட்டறைகளின் ஷெட்டில் அது ஏறவில்லை. ஓனர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. அவர்களின் கரண்ட் பில்லை ஒருமுறை பிரித்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

*பில்லில் குறையாத பகுதி*

பில்லில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, ஓடிய யூனிட்டுக்கான காசு. இன்னொன்று, நிலைக்கட்டணம். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும், வாங்கி வைத்திருக்கும் கிலோவாட் அளவுக்குக் கட்ட வேண்டிய காசு இது. 2022 செப்டம்பர் கட்டண உயர்வுக்கு முன்பு குறைந்த அழுத்தத் தொழில் இணைப்புகளுக்கு இது கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாய். உயர்வுக்குப் பிறகு, 50 கிலோவாட்டுக்கு மேல் 112 கிலோவாட் வரை உள்ளவர்களுக்கு 150 ரூபாய். 112 கிலோவாட் இணைப்பு உள்ள ஒரு பட்டறை மாதம் 3,920 ரூபாய் கட்டிய இடத்தில் 16,800 ரூபாய் கட்ட வேண்டி வந்தது. ஆர்டர் இல்லாத மாதத்திலும்தான்.

சோலார் போட்டால் குறைவது யூனிட் காசு மட்டும். நிலைக்கட்டணம் அப்படியே நிற்கும். அதோடு, கூரை சோலாருக்கு நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்றும் வந்தது. தன் கூரையில் தானே தயாரித்து, இபி கம்பியைத் தொடாமல் தானே செலவழிக்கும் யூனிட்டுக்கும் ஏன் கட்டணம் என்பதுதான் சிறு தொழில்காரர்களின் கேள்வி. 2023 செப்டம்பர் 25 அன்று தமிழகம் முழுக்க சிறு, குறுந்தொழில் கூடங்கள் ஒருநாள் உற்பத்தியை நிறுத்தியபோது வைத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. அந்தச் சமயத்தில் அரசு அறிவித்த சலுகைகளில், உச்ச நேரக் கூடுதல் கட்டணம் 25 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைந்தது. சிறு தொழில்களுக்கான நெட்வொர்க் கட்டணமும் பாதியானது.

இன்னொரு சிக்கல், கூரை யாருடையது என்பது. வாடகை ஷெட்டில் தொழில் செய்பவர், 25 வருஷம் உழைக்கும் பேனலை அடுத்தவர் கூரையில் ஏன் போடுவார்? கட்டட ஓனருக்கோ பில் தன்னுடையது இல்லை என்பதால் அவசரம் இல்லை. பழைய சிமென்ட் ஷீட் கூரை என்றால் பேனலின் எடையைத் தாங்குமா என்ற கவலை வேறு.

*இபி தரப்பு நியாயம் என்ன?*

இதில் இபியை வில்லனாக்கிவிட்டுப் போகவும் முடியாது. மாலை 6 மணிக்குப் பேனல் படுத்துவிடும். அப்போது அதே பட்டறைக்கு முழு லோடும் இபி கம்பியிலிருந்துதான் வர வேண்டும். கம்பம், டிரான்ஸ்பார்மர், துணை மின்நிலையம் எல்லாம் அந்த ஒரு நேரத்துக்காகவே தயாராக நிற்க வேண்டும். பகலில் நான்கு யூனிட் குறைவாக ஓடியது என்பதற்காக டிரான்ஸ்பார்மரின் விலை குறையாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம். 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அரசு தரும் மானியத்தோடு, இந்தச் சுமையில் ஒரு பங்கைத் தாங்கிப் பிடிப்பது அதிக விலை கொடுக்கும் தொழிற்சாலைகளும் கடைகளும் அதிகம் செலவழிக்கும் வீடுகளும்தான். சோலார் போட்டு முதலில் வெளியே போகக்கூடியவர்களும் அவர்களேதான். அவர்கள் போய்விட்டால் கம்பிக்கான செலவு மிச்சம் இருப்பவர்கள் தலையில் விழும். இது உலகம் முழுக்க மின் வாரியங்களைத் தூங்கவிடாத கணக்கு.

ஆவடியில் ஒரு சாதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடினால், 2024 ஜூலை கட்டணப்படி பில் சுமார் 1,175 ரூபாய். 900 யூனிட் ஓடும், இரண்டு ஏசி உள்ள பக்கத்து வீட்டுக்குச் சுமார் 5,800 ரூபாய். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருவருக்கும் ஒன்றுதான். அந்த 3 கிலோவாட் இரண்டு மாதத்தில் 720 யூனிட் வரை கொடுக்கும். ஏசி வீட்டின் பில் சில நூறு ரூபாய்க்குள் வந்துவிடும், போட்ட முதல் சில வருஷத்தில் திரும்பிவிடும். 400 யூனிட் வீட்டுக்கு மிச்சமாவதே வருஷத்துக்கு 7,000 ரூபாய் சொச்சம்தான். மானியம் போக ஒரு லட்சத்துக்கும் மேல் கையிலிருந்து போட்டால், அது திரும்பி வருவதற்குள் மகள் காலேஜ் முடித்துவிடுவாள். இதில் ஃபிளாட்டில் குடியிருப்பவருக்கு மொட்டை மாடியில் எத்தனை அடி சொந்தம் என்ற பஞ்சாயத்து தனி.

*காற்றாலை எப்படி வந்தது?*

மனசாட்சியை நம்பி மட்டும் எந்த ஊரும் எரிபொருளை மாற்றியதாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டின் காற்றாலைகளே சாட்சி. 1986-ல் அரசு சோதனை முயற்சியாக நிறுவிய சில காற்றாடிகளில் ஆரம்பித்தது கதை. பிறகு முப்பந்தலிலும் பல்லடம், உடுமலைப் பக்கமும் காற்றாடிகளை வாங்கி நட்டவர்களில் கணிசமானவர்கள் நூற்பாலை, ஜவுளிக்காரர்கள். அவர்களுக்குத் தேவை தடையில்லாத மலிவான கரண்ட். கூடவே வருமான வரியில் கிடைத்த தேய்மானச் சலுகை. இதற்கெல்லாம் மேலாக, ‘பேங்கிங்’ என்ற ஏற்பாடு இருந்தது. ஆடிக்காற்றில் உற்பத்தியாகும் உபரி யூனிட்டை இபியின் கணக்கில் வரவு வைத்துவிட்டு, காற்று இல்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம். இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்பதற்குப் பின்னால் இந்தக் கணக்குப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த உந்துதல் கரண்ட் கட். 2008 நவம்பரில் பெரிய தொழிற்சாலைகளுக்கு 40% மின்வெட்டு வந்தது. 2012-ல் சென்னைக்குள் 2 மணி நேரம், வெளி மாவட்டங்கள் பலவற்றில் 10 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. டீசல் ஜெனரேட்டர் வாங்க வசதி இருந்தவர்கள் பிழைத்தார்கள். காற்றாலை, சோலார் நிறுவனங்களில் பங்கு வாங்கி, அந்த மின்சாரத்தை இபி கம்பி வழியாகவே கொண்டுவரும் ‘குரூப் கேப்டிவ்’ முறையும் பெரிய ஆலைகளுக்குக் கை கொடுத்தது. பயன்படுத்துபவர்கள் சேர்ந்து குறைந்தது 26% பங்கு வைத்திருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதவீதமாவது அவர்களே செலவழிக்க வேண்டும் என்பது விதி. 50 கிலோவாட் லேத் பட்டறைக்கு இந்தக் கதவு திறக்கவே இல்லை. 2022-ல் மத்திய அரசு பசுமை மின்சாரத்துக்கான வாசலை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாகக் குறைத்தபோதும், அந்தப் பட்டறை வெளியேதான் நின்றது.

டச்சு ஆய்வாளர் ஃபிராங்க் கீல்ஸ் 2002-ல் பாய்மரக் கப்பலிலிருந்து நீராவிக் கப்பலுக்கு உலகம் மாறியதை ஆராய்ந்தார். நீராவி, பாய்மரத்தை ஒரே நாளில் விரட்டிவிடவில்லை. முதலில் துறைமுகத்தில் பாய்மரக் கப்பலை இழுத்து விடும் எடுபிடியாகத்தான் வந்தது. பிறகு பாய்மரக் கப்பலிலேயே துணை எஞ்சினாக ஏறியது. கடைசியில்தான் கப்பலே அதனுடையதானது. நம் ஊர் சோலார் இப்போது அந்தத் துணை எஞ்சின் நிலையில் இருக்கிறது. பகலில் கை கொடுக்கும், இரவுக்குப் பழைய எஞ்சின்தான்.

*பூந்தமல்லி பஸ்ஸும் இரவு நேரமும்*

பூந்தமல்லி பணிமனையிலிருந்து 125 எலெக்ட்ரிக் பஸ்கள் ஓடத் தொடங்கின. சத்தம் இல்லை, புகை இல்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பைக்கில் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் நாள் முழுக்க ஓடும் பஸ்ஸை நிம்மதியாக நிறுத்தி முழுசாக சார்ஜ் போடத் தோதான நேரம் இரவு. அந்த நேரத்தில் கம்பியில் வருவதில் சோலார் கிடையாது. காற்று சீசன் இல்லாத மாதங்களில் பெரும்பகுதி நிலக்கரிதான். பூந்தமல்லியில் குறைந்த புகையில் ஒரு பங்கு எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் போய் நிற்கிறது. அப்படியும் கணக்குப் போட்டால் டீசல் பஸ்ஸைவிட இது மேல்தான். எலெக்ட்ரிக் மோட்டார் வீணடிக்கும் சக்தி மிகக் குறைவு. கம்பியில் வரும் மின்சாரம் சுத்தமாக ஆக, அதே பஸ் தானாகவே இன்னும் சுத்தமாகும். டீசல் பஸ்ஸுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

அப்படியானால் பகல் வெயிலை இரவுக்கு எடுத்து வைப்பதுதான் அடுத்த வேலை. மதியம் மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலணைக்கு ஏற்றி, இரவில் இறக்கி டர்பைனைச் சுற்ற வைக்கும் நிலையம் ஆனைமலையில் காடம்பாறையில் 1987 முதல் இருக்கிறது. திறன் 400 மெகாவாட். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று திட்டமிடப்பட்டு வேலை நடந்து வருகிறது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். இரண்டையும் அதோடு ஒப்பிட்டால் இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று புரியும். பெரிய பேட்டரி நிலையங்கள் மீது இப்போது எல்லோருக்கும் கண் இருப்பது இதனால்தான்.

பேட்டரி வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. தேவையையே பகலுக்கு நகர்த்துவது. உயர் அழுத்த இணைப்புகளுக்கு இரவு 10 முதல் அதிகாலை 5 வரை 5% தள்ளுபடி தரும் வழக்கம் இங்கே இருந்து வருகிறது. அனல் மின்நிலையத்தை இரவில் அணைக்க முடியாது, ஓடுகிற கரண்டை யாராவது வாங்கினால் சரி என்ற காலத்துக் கணக்கு இது. 2022 கட்டண ஆணை காலை 6.30 முதல் 10.30 வரையும், மாலை 6 முதல் 10 வரையும் உச்ச நேரம் என்கிறது. காலை ஒன்பதரைக்குக் கூரை சுடத் தொடங்கிவிடும், மீட்டரில் மட்டும் பீக் ஹவர் ஓடிக்கொண்டிருக்கும்.

மத்திய அரசு 2023 ஜூனில் கொண்டுவந்த விதி இதைத் திருப்பிப் போடச் சொல்கிறது. வெயில் நேரத்தில் கட்டணம் வழக்கமானதைவிடக் குறைந்தது 20% குறைவாகவும், உச்ச நேரத்தில் அதிகமாகவும் இருக்க வேண்டும். அதற்கு நேரம் பார்த்து யூனிட் எண்ணும் ஸ்மார்ட் மீட்டர் வேண்டும், மாநில ஒழுங்குமுறை ஆணையம் நேரத்தையும் விலையையும் குறிக்க வேண்டும். கூரை இல்லாத வாடகைப் பட்டறைக்கும் வெயிலில் பங்கு கிடைக்கக்கூடிய வழி இது ஒன்றுதான். ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணும் ஃபர்னஸை 11 மணிக்கு ஏற்றினால் பில் குறையும் என்று தெரிந்தால், அம்பத்தூரில் ஷிப்ட் நேரம் மாற ஒரு வாரம்கூட ஆகாது.