வாளுக்கு முன்னால் லத்தீன்

கோட்டை, குதிரைவீரர், சிலுவைப்போர் என்று ஐரோப்பிய இடைக்காலத்தில் மனதைப் பறிகொடுத்து, அதிலேயே மேற்படிப்பு படிக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஆசை நல்லதுதான். ஆனால், 1964-ல் தொடங்கப்பட்ட டொராண்டோ பல்கலைக்கழக இடைக்கால ஆய்வு மையம் போன்ற இடங்களில் லத்தீன் எவ்வளவு தெரியும் என்றுதான் பார்ப்பார்கள்.

அங்கே லத்தீனுக்கே இரண்டு நிலைத் தேர்வுகள். எம்.ஏ.வுக்கு முதல் நிலை, பிஎச்.டி.க்கு இரண்டாம் நிலை. முனைவர் பட்டத்துக்கு பிரெஞ்சும் ஜெர்மனும் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் முதல் பருவத்திலேயே மூச்சுத் திணறுவார்கள்.

வீலாக்கின் லத்தீன் பாடநூல் 1956 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதை முடித்த கையோடு சிசரோவிடம் மல்லுக்கட்டாமல், ஜெரோமின் லத்தீன் பைபிளை எடுங்கள். வாக்கியங்கள் எளியவை. இடைக்கால எழுத்தாளர்கள் மூச்சுக்கு மூச்சு அதைத்தான் எடுத்தாண்டார்கள்.

அச்சுப் புத்தகம் பழகிவிட்டால் போதாது. சுவடி என்பது தனி உலகம். தோல் ஏட்டில் இடமும் உழைப்பும் மிச்சமாக வேண்டுமே, எழுதியவர்கள் சுருக்கித் தள்ளினார்கள். 'பி' எழுத்தின் காலில் குறுக்குக்கோடு இருந்தால் 'பெர்', தலைக்கு மேல் கோடு இருந்தால் 'ப்ரே'. இத்தாலியரான காப்பெல்லி 1899-ல் வெளியிட்ட சுருக்கக்குறி அகராதி இன்றும் ஆய்வாளர்களின் மேசையில் கிடக்கிறது. கோதிக் எழுத்தில் 'மினிமும்' என்று எழுதினால் ஒரே மாதிரியான 15 செங்குத்துக் கோடுகள் வரிசையாக நிற்கும். எது 'எம்', எது 'என்' என்பது உங்கள் பாடு! புள்ளி வைக்காத ஓலைச்சுவடியில் 'எ'யா 'ஏ'யா என்று திண்டாடியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். பழகிப் பார்க்க, சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் மடத்துச் சுவடிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

வேலை விஷயத்தையும் மறைக்கக்கூடாது. நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் மிகக் குறைவு. உதவித்தொகை கிடைக்காமல், கடன் வாங்கி பிஎச்.டி.யில் சேர வேண்டாம் என்பதே என் கருத்து.

விண்ணப்பிக்க இன்னும் ஓராண்டு இருக்கிறதா? நோக்க அறிக்கையைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பதை ஒத்திவையுங்கள். இன்றைக்கே லத்தீன் வினைச்சொற்களை மனப்பாடம் செய்யத் தொடங்குங்கள்.