கில்ட்டுக்கு ஏற்ற கம்பளிக் கலப்புத் துணி

சென்ற மாதம் மேலூரில் ஒரு சங்கத்தின் ஏடுகளைப் பார்வையிட்டபோது, நெசவாள அங்கத்தினர் ஐவர் ஒரே காரணம் காட்டிக் கடன் மனு கொடுத்திருப்பதைக் கண்டேன். பிள்ளைகளின் பள்ளி பேண்டு உடைக்குத் துணி வாங்க வேண்டுமாம். மனுதாரருள் மூத்தவர் மடியிலிருந்து கையகலத் துணியொன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். “ஐயா, இது கம்பளிக் கலப்பு என்கிறார் வியாபாரி. நான் தறியில் உட்கார்ந்து ஐம்பது வருஷமாகிறது, ஆனால் பருத்தியன்றி வேறு அறியேன்” என்றார்.

அவர் பேரன் தோற்பையை அழுத்தி ஊதும் பைக்குழல் வாசிப்பவன். அக்குழுவினர் அணிவது கில்ட் என்னும் ஸ்காட்லாந்து ஆடவர் உடை. தமிழகத்துக்கு அது முற்றும் புதிதன்று. அந்நாட்டு ஹைலண்டர் படையொன்று 1780-இல் சென்னையில் வந்திறங்கி, மறு ஆண்டு பரங்கிப்பேட்டைப் போரில் ஹைதர் அலியை எதிர்த்துப் போரிட்டது.

கில்ட்டின் கட்டம் நம் லுங்கிக் கட்டத்தின் உறவினன் எனலாம். பாவில் வண்ணங்கள் எவ்வரிசையில் ஓடுகின்றனவோ அதே வரிசை ஊடையிலும் வரும். நெசவு மட்டும் வேறு: இரண்டிழை மேலும் இரண்டிழை கீழுமாகச் செல்லும் சாய்வரி நெசவு. வளர்ந்த ஆளுக்கு எட்டு கஜம் வரை பிடிக்கும். அகலத் துணியானால் நான்கு கஜத்தை நெடுக இரண்டாக்கி இணைப்பர். பெரும்பகுதி பின்புற மடிப்புகளுக்கே போய்விடுகிறது. முறைப்படி தைத்த கில்ட்டில் கீழ் விளிம்பை மடித்துத் தைப்பதில்லை. துணியின் கரையே விளிம்பாக நிற்கும். ஆகவே கரை நெளிந்த துணி இதற்கு உதவாது. நெசவாளருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மடிப்பு நிற்குமா என்பதே முதற்கேள்வி. கம்பளி இழை இயல்பிலேயே சுருளுடையது. கசங்கினாலும் தொங்கவிட்டால் நிமிர்ந்து கொள்ளும். பாலியெஸ்டர், சூட்டில் பதித்த மடிப்பை எளிதில் விடாது. பாலியெஸ்டர் 55, கம்பளி 45 என்ற கலப்பு நம் மதுரைச் சீமைக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். பாலியெஸ்டர்-விஸ்கோஸ் கலப்பில் கம்பளி சிறிதும் இல்லை; எனினும் வீட்டிலேயே துவைக்கலாம், விலையும் குறைவு. கம்பளி என்ற பெயரில் விற்கப்படாத வரையில் அதுவும் நேர்மையான சரக்கே. அக்ரிலிக் கைக்குக் கம்பளி போலத் தோன்றும். ஆனால் நாளடைவில் மடிப்புத் தளரும், மேலே பஞ்சுருண்டைகள் திரளும்.

எடையையும் கேட்க வேண்டும். சுமார் 150 செ.மீ. அகலத்தில் கஜம் 16 அவுன்ஸ் உள்ளது குளிர்நாட்டுக்குரியது. நமக்கு 10 அல்லது 11 அவுன்ஸ் போதும். அதற்கும் குறைந்தால் மடிப்பு பாரமின்றிப் பறக்கும். கம்பளி ஏறத்தாழ 16 சதவிகிதம் ஈரம் ஏற்கும். பாலியெஸ்டர் அரை சதவிகிதமும் ஏற்காது. வியர்க்கும் பிள்ளைக்கு இவ்வேறுபாடு புரியும். (கம்பளி இருப்பு வைக்கும் சங்கங்கள் ஐப்பசியில் எடை கூடியது கண்டு மகிழ வேண்டாம்!)

சோதனை எளிது. பாவிழையொன்று, ஊடையிழையொன்று தனித்தனியே உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் கொளுத்துக. கம்பளி மயிர் கருகும் நாற்றம் தரும். சுடரை விலக்கினால் அணைந்து, விரலில் பொடியும் கரியாகும். பருத்தியும் விஸ்கோஸும் காகிதம் போல் எரிந்து மென்சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகத் திரளும். இரண்டும் கலந்திருந்தால் நாற்றமும் இருக்கும், மணியும் இருக்கும். அக்ரிலிக் விரைந்து எரிந்து, கறுத்த ஒழுங்கற்ற கட்டியை விடும். இதனால் இனம் தெரியுமேயன்றி விகிதம் தெரியாது. அதை ஆய்வுக்கூடமே சொல்ல வேண்டும்.

பெரியவர் கொணர்ந்த துணியை அங்கேயே சோதித்தோம். இரண்டு இழைகளும் மளமளவென எரிந்து கறுத்த கட்டியாயின. “மயிர் நாற்றமே இல்லையே, ஐயா!” என்றார் அவர்.

நல்லவேளையாக, முன்பணம் இன்னும் செலுத்தப்படவில்லை. இழையின் பெயர், சதவிகிதம், கஜத்தின் எடை ஆகிய மூன்றையும் வியாபாரி பட்டியலில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரும்வரை, ஐந்து மனுக்களையும் நிறுத்தி வைக்குமாறு காரியதரிசிக்குக் குறிப்பெழுதி வந்தேன்.