தேயிலை உலர்த்தியும் நம்பத்தகு வெப்பமானியும்

கண்டிப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தொடக்கிய தேயிலைத் தொழிலில், உலர்த்தியின் வெப்பமானி பற்றி நாம் போதியளவு சிந்திப்பதில்லை. வழமையான தட்டு உலர்த்தியுள் நுழையும் காற்று பொதுவாக 90 முதல் 100 பாகை செல்சியசு வரை இருத்தல் வேண்டும். குறைந்தால் ஈரம் எஞ்சித் தேயிலை கெடும், மிகுந்தால் கருகும். இரண்டிலும் வீணாவது மலையகப் பெண்கள் பறித்த கொழுந்தே.

விலையுயர்ந்த கருவி பொய்க்காது என்பது விற்பனை முகவர் பேச்சு. கொதிநீரின் ஆவியிற் பிடித்துப் பார்ப்பதே எளிய சோதனை. ஆனால் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரமான கண்டியில் வளியமுக்கம் குறைவாதலின், நீர் 98.3 பாகையளவிலேயே கொதிக்கும். இங்கு 100 காட்டும் வெப்பமானி, பாடநூலின்படி சரியெனத் தோன்றினும், ஒன்றரைப் பாகைக்கு மேல் மிகைப்படக் கூறுகிறது. தோட்டம் உயர உயர, 300 மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் இவ்வெண் இறங்கும். பிழை மாறாதிருப்பின் கழித்துக்கொள்ளலாம். சோதனைதோறும் வேறுபடும் கருவியையே நாம் விலக்க வேண்டும்.