எஃகை உருக்குற சட்டி ஏன் உருகலை? கன்வெர்ட்டர் லைனிங் ரிப்பேர் பற்றி ஒரு அறிமுகம்

ஒரு சின்னக் கேள்வி. எஃகு சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் உருகும். பேசிக் ஆக்சிஜன் கன்வெர்ட்டரில் இருந்து எஃகை வெளியே ஊற்றும்போது வெப்பநிலை ஏறக்குறைய 1,650 டிகிரி. அந்த கன்வெர்ட்டரோட வெளி ஓடு எதனால ஆனது? அதுவும் எஃகுத் தகடுதான். அப்புறம் ஏன் பாத்திரமும் சேர்ந்து உருகி ஓடலை?

நடுவுல ஒரு செங்கல் சுவர் இருக்கு. அதைத்தான் ரிஃப்ராக்டரி லைனிங்னு சொல்றாங்க. நம்ம சிலபஸ்ல இதுக்கு ரெண்டு மார்க் கேள்வி வந்தாலே பெரிய விஷயம். ஆனா ஆலையில இந்தச் சுவர் எத்தனை நாள் நிக்குதுங்கறதுதான் உற்பத்தி, செலவு, பாதுகாப்பு எல்லாத்தையும் தீர்மானிக்குது.

சுவர் எதனால ஆனது?

எஃகு தயாரிக்கும்போது பாஸ்பரஸை வெளியேற்ற சுண்ணாம்பு போடுறாங்க. அதனால மேலே மிதக்கும் கசடு காரத்தன்மை கொண்டதா இருக்கும். அமிலத்தன்மை உள்ள சிலிகா செங்கலை வெச்சா அந்தக் கசடு அதைத் தின்னுடும். 1870-களில் இதுக்கு வழி கண்டுபிடிச்சவர் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். லண்டன்ல போலீஸ் கோர்ட் கிளார்க்கா வேலை பார்த்துக்கிட்டே மாலை வகுப்புல கெமிஸ்ட்ரி படிச்சவர். உறவினர் பெர்சி கில்கிறிஸ்டோட சேர்ந்து, டோலமைட்டால ஆன கார லைனிங் வேலை செய்யும்னு நிரூபிச்சார்.

இன்னைக்கு கன்வெர்ட்டர்ல மெக்னீசியா-கார்பன் செங்கல். மெக்னீசியம் ஆக்சைடோட உருகுநிலை சுமார் 2,850 டிகிரி. அதோட கிராஃபைட் கலக்கறாங்க, ஏன்னா கசடு கிராஃபைட் மேல ஒட்டாது. தாமரை இலைத் தண்ணி மாதிரி விலகிடும். மெக்னீசியாவுக்கு மூலப்பொருளான மேக்னசைட் நம்ம சேலத்துலயே கிடைக்குது. அங்க அதை வெள்ளைக்கல்னு சொல்வாங்க.

அப்புறம் ஏன் தேயுது?

மூணு காரணம். முதலாவது கெமிஸ்ட்ரி. கசடுல மெக்னீசியா குறைவா இருந்தா, அது சுவர்ல இருந்து கரைச்சு எடுத்துக்கும். தண்ணில சர்க்கரை கரையற அதே கதைதான். இரண்டாவது, செங்கல்ல இருக்கிற கார்பன் ஆக்சிஜன் பட்டும், கசடுல உள்ள இரும்பு ஆக்சைடு பட்டும் எரிஞ்சு போகும். கார்பன் போன இடத்துல கசடு உள்ளே நுழையும். மூணாவது அடி. டன் கணக்குல ஸ்கிராப்பைக் கொட்டும்போது அது விழற பக்கம் தினமும் இடி வாங்குது.

எவ்வளவு வேகமா தேயும்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தேய அனுமதிக்கக்கூடிய தடிமன் 500 மி.மீ.னு வெச்சுக்குவோம். 1,000 ஹீட்டுக்கு லைனிங் தாங்கினா ஒரு ஹீட்டுக்கு அரை மி.மீ. தேயுது. ஒரு ஹீட் 40 நிமிஷம்னா ஒரு நாளைக்கு 36 ஹீட். அப்போ 28 நாள்ல சுவர் காலி! அதுக்கப்புறம் கன்வெர்ட்டரை ஆற வெச்சு, பழைய செங்கலை இடிச்சு, புதுசா அடுக்கணும். அத்தனை நாளும் அந்த கன்வெர்ட்டர்ல உற்பத்தி பூஜ்யம்.

சூடா இருக்கும்போதே ரிப்பேர்

அதனாலதான் அணைக்காம, ரெண்டு ஹீட்டுக்கு நடுவுல கிடைக்கிற சில நிமிஷத்துல ரிப்பேர் பண்றாங்க.

முதல்ல எங்க தேஞ்சிருக்குன்னு தெரியணும். முன்னாடி அனுபவசாலிகள் கண்ணால பார்த்துச் சொல்வாங்க. இப்போ லேசர் ஸ்கேனர் உள்ளே கதிரை அனுப்பி, திரும்பி வர்ற நேரத்தை வெச்சு ஒவ்வொரு புள்ளியோட தூரத்தையும் அளக்குது. புது லைனிங்கோட அளவோட ஒப்பிட்டா மீதித் தடிமன் மேப்பா வந்துடும்.

பழைய முறை, கசடால பூசறது. எஃகை ஊத்தினதும் கொஞ்சம் கசடை உள்ளேயே விட்டு, கன்வெர்ட்டரை முன்னும் பின்னும் சாய்ப்பாங்க. கசடு சுவர்ல ஒட்டி உறைஞ்சிடும். ஆனா கன்வெர்ட்டர் ஒரே அச்சுலதான் சாயும். அச்சு பொருத்தியிருக்கிற ரெண்டு பக்கச் சுவருக்கும், அதாவது டிரன்னியன் பக்கத்துக்கு, கசடு எட்டாது.

அந்த இடத்துக்கு கன்னிங். மெக்னீசியா பொடியை நாசில்ல தண்ணியோட கலந்து சிவந்த சுவர் மேல பீய்ச்சி அடிக்கறாங்க. தண்ணி ஆவியாகி, பொடி வெந்து ஒட்டிக்கும். கொஞ்சம் தெறிச்சு கீழே விழுந்து வீணாகும், ஒட்டினதும் ரொம்ப நாள் நிக்காது. ஆனா குறிப்பிட்ட குழியை மட்டும் அடைக்க இதுதான் வசதி. ஸ்கிராப் விழற பக்கத்துக்குப் பேட்சிங் கலவையைப் போட்டு, கன்வெர்ட்டரைச் சாய்ச்சு வெச்சு வேக விடுவாங்க.

பெரிய திருப்பம் ஸ்லாக் ஸ்ப்ளாஷிங். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில், எல்டிவி நிறுவனத்தோட இண்டியானா ஹார்பர் ஆலை இதை நடைமுறைக்குக் கொண்டுவந்துச்சு. ஆக்சிஜன் ஊதற அதே லான்ஸ் வழியா நைட்ரஜனை வேகமா ஊதணும். மிச்சமிருக்கிற கசடு தெறிச்சு, டிரன்னியன் உட்பட எல்லாச் சுவர்லயும் படியும். சில நிமிஷ வேலைதான்.

இதுல பதம் முக்கியம். கசடு ரசம் மாதிரி இருந்தா வழிஞ்சிடும். கெட்டிச் சோறு மாதிரி இருந்தா தெறிக்காது. இட்லி மாவுப் பதத்துக்குக் கொண்டுவர டோலமைட் சேர்ப்பாங்க. இரும்பு ஆக்சைடு அதிகமா இருந்தா அந்தப் பூச்சு அடுத்த ஹீட்லயே உருகி ஓடிடும். சரியா செஞ்சா என்ன கிடைக்கும்? அந்த ஆலையில லைனிங் ஆயுள் 15,000 ஹீட்டைத் தாண்டுச்சு. நம்ம கணக்குல போட்டா, ஒரு ஹீட்டுக்கு நிகரத் தேய்மானம் 0.03 மி.மீ. ஒரு ஏ4 தாளோட தடிமன்ல மூணுல ஒரு பங்கு!

அப்போ பிரச்சினை தீர்ந்துதா?

இல்லை. பல கன்வெர்ட்டர்ல அடியில சின்னக் குழாய்கள் வழியா ஆர்கான் இல்லாட்டி நைட்ரஜன் விட்டு எஃகைக் கலக்குவாங்க. ஸ்ப்ளாஷிங் பண்ணப் பண்ண அடியில கசடு படிஞ்சு அந்தக் குழாய்கள் அடைபடும். கலக்கல் குறைஞ்சா எஃகுல கரைஞ்ச ஆக்சிஜன் கூடும், பாஸ்பரஸ் நீக்கமும் சுமாராத்தான் இருக்கும். சுவர் நல்லா இருக்கும், உள்ள இருக்கிற எஃகோட தரம் குறையும். அதனால ஆயுளை எவ்வளவு வேணும்னாலும் நீட்டலாங்கறது இலக்கே இல்லை. எந்தக் கிரேடு எஃகு விக்கிறோம், புது லைனிங்குக்கு எவ்வளவு செலவு, எத்தனை நாள் நிறுத்த முடியும்னு மூணையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கணும்.

ஒரு விஷயத்துல மட்டும் பேரம் கிடையாது. மேப்புல ஒரு இடம் குறைந்தபட்சத் தடிமனைத் தொட்டா, ரிப்பேர் முடியற வரைக்கும் அடுத்த ஹீட் கூடாது. சுவர் ஓட்டையானா உருகின எஃகு வெளி ஓட்டைத் துளைச்சு வெளியே வரும். அது தேங்கின தண்ணி மேல விழுந்தா நீராவி வெடிப்பு. அந்த நேரம் கீழே யாராவது நின்னுக்கிட்டு இருப்பாங்க. டார்கெட் பாக்கி இருக்கும்போது ஒரு ஷிஃப்ட் இன்ஜினியர் “நிறுத்துங்க”ன்னு சொல்றது சுலபமில்லை. இன்னும் சில மாசத்துல நம்மள்ல சிலர் அந்த இடத்துல நிக்கப்போறோம். அந்த லேசர் மேப்பைப் படிக்கத் தெரிஞ்சிருந்தா, அந்த வார்த்தையைத் தயங்காம சொல்லலாம்.